காசில் எழுத்து இரட்டையாகத் தெரிகிறதா? டபுள் டையா, தேய்மானமா, துருவா என்று பார்க்கும் வழி

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பழைய ரப்பர் தோட்டத்து லயங்களை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, காலி செய்யும்போது எப்படியும் ஒரு மைலோ டின் வெளியே வரும். உள்ளே காசு இருக்கும். நாடாளுமன்றக் கட்டடம் போட்ட பழைய பத்து காசு, ரெபானா மேளம் போட்ட ஒரு காசு (1 சென்) நாணயம், கொஞ்சம் யோகம் இருந்தால் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை போட்ட சதுரக் காசு. அந்த வீட்டுப் பிள்ளை ஒரு பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்ப்பான். எழுத்து இரண்டாகத் தெரியும். அடுத்த நிமிடம் போட்டோ எடுத்து "டபுள் டை, என்ன விலை போகும்?" என்று கேட்டுவிடுவான்.

எழுத்து இரண்டாகத் தெரிய குறைந்தது ஆறேழு காரணங்கள் உண்டு. அதில் ஒன்றுதான் டபுள் டை, அதாவது காசு அடிக்கும் அச்சிலேயே உருவம் இரண்டாகப் பதிந்துபோன பிழை. ஆகவே விலையைக் கேட்பதற்கு முன்னால், கையில் உள்ள காசில் என்ன தெரிகிறதோ அதை வைத்துக் காரணத்தைத் தேடுவோம்.

வேண்டிய சாமான் அதிகமில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று, சன்னல் ஓர வெளிச்சம் அல்லது மேசை விளக்கு, ஒரு சின்ன காந்தம், அப்புறம் அதே வகையில் அதே ஆண்டில் வந்த சாதாரணக் காசு ஒன்று. கடைசியில் சொன்னதைத்தான் யாரும் எடுத்து வைப்பதில்லை. ஆனால் லூப்பைவிட அதற்குத்தான் வேலை அதிகம்.

முதலில் டை என்றால் என்ன

காசை அடிக்கும் எஃகு அச்சுதான் டை. காசில் மேடாக இருக்கும் உருவம் டையில் பள்ளமாக இருக்கும். அந்தப் பள்ளத்தை டையில் பதிப்பது ஹப் என்னும் எஃகுக் கட்டை. அதில் உருவம் காசில் உள்ளபடியே மேடாக நிற்கும். ஹப்பை டை எஃகில் வைத்து அழுத்துவார்கள். பழைய முறையில் ஒரே அழுத்தில் உருவம் முழுதாக இறங்காது. அழுத்திய எஃகு இறுகிப்போகும் என்பதால் அதை உலையில் வைத்து இளக்கி, மறுபடி அழுத்துவார்கள். இரண்டாம் முறை ஹப் ஒரு மயிரிழை விலகி உட்கார்ந்துவிட்டால் டையிலேயே இரண்டு உருவம் பதிந்துவிடும். ரப்பர் முத்திரையை அதே இடத்தில் இரண்டு தரம் குத்தினால் எப்படி எழுத்து தடித்துப் பிரிந்து தெரியுமோ, அப்படி.

இதிலிருந்து இரண்டு விஷயம் கிடைக்கிறது. மீதி எல்லாம் இவற்றை வைத்துத்தான்.

ஒன்று, பிழை டையில் இருப்பதால் அந்த டை அடித்த ஒவ்வொரு காசிலும் அதே இடத்தில், அதே அளவில், அதே பக்கம் அது இருக்கும். உலகத்திலேயே பேர்போன டபுள் டை 1955-ஆம் ஆண்டு அமெரிக்க ஒரு சென்ட். பிலடெல்பியாவில் அடித்த அந்தக் காசு இருபதாயிரத்துக்கும் மேல் வெளியே போனது. அத்தனையிலும் ஆண்டு எண்ணும் எழுத்தும் ஒரே மாதிரி இரண்டாக நிற்கும்.

இரண்டு, டையில் பள்ளம் கூடினால் காசில் மேடு கூடும். அதாவது டபுள் டையில் உலோகம் சேர்ந்திருக்கும், எழுத்து சாதாரணக் காசில் இருப்பதைவிட அகலமாக இருக்கும். தேய்மானம் உலோகத்தை எடுக்கும். துரு ஒரு பக்கம் தின்னும், ஒரு பக்கம் பொங்கும், ஒழுங்கே இருக்காது.

எழுத்தின் ஓரத்தில் தட்டையாக ஒரு படி தெரிகிறது

என்னிடம் பார்க்கக் கொண்டுவரும் காசுகளில் பாதி இந்த ரகம்தான். BANK NEGARA MALAYSIA என்ற எழுத்துகளை லூப்பில் பார்த்தால், ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே பக்கமாக ஒரு தட்டு ஒட்டியிருக்கும். தாழ்வாக, தட்டையாக, சில காசில் பளபளவென்று.

இது அச்சடிக்கும்போது நடந்தது. டை காசை அடித்துவிட்டு மேலே எழும்பும் அந்தக் கணத்தில் கொஞ்சம் ஆடினால், இப்போதுதான் எழும்பிய எழுத்தின் தோளை இடித்துத் தள்ளிவிடும். டை சரியாக இறுக்கப்படாமல் இருந்தால் இப்படி ஆடும். தள்ளப்பட்ட பகுதி தட்டையாக அமுங்கிப் போகும். அந்த உலோகம் எழுத்திலிருந்துதான் போயிருக்கிறது, எங்கிருந்தும் வந்து சேரவில்லை. அதனால் எழுத்தின் மேல்பகுதி சாதாரணக் காசைவிட மெலிந்திருக்கும். பக்கத்தில் சாதாரணக் காசை வைத்துப் பாருங்கள். தட்டையும் சேர்த்து அளந்தால் எழுத்தின் மொத்த அகலம் ஏறக்குறைய அதேதான். உச்சி மட்டும் ஒல்லி.

விளக்கை ஒரு பக்கத்திலிருந்து சாய்த்துப் பிடித்து, காசை மெல்லச் சுற்றுங்கள். தட்டு ஒரு கோணத்தில் கண்ணாடித் துண்டாக மின்னி, அடுத்த கோணத்தில் சட்டென்று இருண்டுவிடும். டபுள் டையின் இரண்டாவது உருவம் உருண்டையாக இருப்பதால் அப்படிச் சட்டென்று அணையாது. வெளிச்சம் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும். இந்த ஒரு சோதனையை நன்றாகப் பழகிக்கொண்டால் போதும், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இது பட்டறையில் நடந்ததுதானே, அப்போது இதுவும் பிழைக்காசுதானே என்று கேட்பார்கள். பட்டறையில் நடந்தது உண்மை. ஆனால் ஒவ்வொரு அடிக்கும் ஒவ்வொரு மாதிரி விழும், எல்லா நாட்டுக் காசிலும் ஏராளமாகக் கிடைக்கும். சேகரிப்பவர்கள் இதற்குத் தனி விலை கொடுப்பதில்லை. வைத்துக்கொள்ள ஆசையாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், "டபுள் டை" என்று எழுதி மட்டும் விற்காதீர்கள்.

எழுத்து உப்பி, சுற்றிலும் நிழல் கட்டியிருக்கிறது

இங்கே தெளிவான படி இருக்காது. எழுத்து வீங்கினாற்போல் இருக்கும், ஓரம் மழுங்கி இருக்கும், விளிம்பை நோக்கிய பக்கம் ஒரு மங்கல் நிழல் கூடவே வரும். கூடவே காசில் எழுத்தும் உருவமும் இல்லாத வெற்றிடத்தைப் பாருங்கள். நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் மெல்லிய கோடுகளோ, சொரசொரப்போ தெரிந்தால் சங்கதி முடிந்தது. டை கிழடு தட்டிவிட்டது.

ஒவ்வொரு அடியிலும் காசின் உலோகம் விளிம்பை நோக்கி ஓடும். லட்சக்கணக்கில் அடிக்கும்போது அந்த ஓட்டமே டையை அரித்து எழுத்துப் பள்ளத்தின் ஓரங்களைக் கரைத்துவிடும். 1989-இல் வந்த செம்பருத்திப் பூ வரிசையில், அதிகம் அடித்த சின்னக் காசுகளில் இதைத் தேடிப் பாருங்கள். இதுவும் டையிலிருந்து வருவதால் பல காசுகளில் ஒரே மாதிரி இருக்கக்கூடும். ஆக "இன்னொரு காசிலும் இருக்கிறதே" என்பது மட்டும் போதாது. எழுத்து கூர்மையாக இரண்டாகப் பிரிகிறதா, அல்லது மொத்தமாக ஊதியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஒரு காசு நாணயம் சிவப்பாக, எழுத்தோரம் கொப்புளமாக இருக்கிறது

காந்தத்தை எடுங்கள். 1967-இல் தொடங்கிய முதல் வரிசையின் ஒரு காசு முதலில் வெண்கலம். 1973-இலிருந்து எஃகின் மேல் செம்புப் போர்வை. 1989 வரிசையின் ஒரு காசும் உள்ளே எஃகுதான், மேலே வெண்கலத் தோல். காந்தத்தில் ஒட்டினால் உள்ளே எஃகு என்று அர்த்தம், உள்ளே எஃகு என்றால் துருப்பிடிக்கும்.

காசை அடிக்கும்போது அந்த மெல்லிய தோல் அதிகம் இழுபடும் இடம் எழுத்தின் ஓரம். அங்கேதான் முதலில் விரியும். ஈரம் உள்ளே போனதும் எஃகு துருவாகி, தன் அளவைவிடப் பெருத்து, தோலைத் தள்ளிக்கொண்டு எழும்பும். எழுத்தை ஒட்டியே ஒரு மேட்டுக் கோடு ஓடும். கண்ணுக்கு அசல் இரட்டை எழுத்துதான். நம்ம ஊர் ஈரத்தில், இரும்பு டின்னில் வருடக்கணக்கில் கிடந்த ஒரு காசுக்கு இது வராவிட்டால்தான் ஆச்சரியம்.

அடையாளம் எளிது. மேட்டுக் கோடு ஒரு எழுத்தில் தடித்து, அடுத்ததில் காணாமல் போய், அதற்கடுத்ததில் மறுபக்கம் நிற்கும். பழுப்போ கறுப்போ புள்ளி எங்காவது எட்டிப் பார்க்கும். பல்குச்சியால் மெல்லத் தொட்டால் பொடி உதிர்ந்தாலும் உதிரும். அதற்குமேல் சுரண்டாதீர்கள்.

ஏப்ரல் 2008-இலிருந்து கடையில் மொத்தத் தொகையை ஐந்து காசுக்குச் சரிக்கட்டத் தொடங்கியதும் ஒரு காசு புழக்கத்திலிருந்து மறைந்தது. அதனால்தான் இன்று டின்னில் கிடைப்பதில் ஒரு காசு இத்தனை அதிகம், இந்தக் கொப்புளக் கேள்வியும் இத்தனை அதிகம்.

பச்சை, கறுப்பு, குழி

தோட்டத்துக் காசுக்கு இரண்டு எதிரிகள் உண்டு, பட்டணத்துக் காசுக்கு அவை அவ்வளவாக இல்லை. ரப்பர் பால் உறையாமல் இருக்க அமோனியா ஊற்றுவார்கள், உறையவைக்க ஃபார்மிக் அமிலம் ஊற்றுவார்கள். அந்தப் பாலைச் சேர்த்து வைக்கும் பால் ஸ்டோரில் வேலை செய்தவரின் காற்சட்டைப் பையில் கிடந்த காசுக்கு இரண்டுமே பட்டிருக்கலாம். அமோனியா ஈரத்தோடும் காற்றோடும் சேர்ந்தால் செம்பைக் கரைத்து நீலமாக்கும். செம்பு சேர்ந்த எல்லாவற்றுக்கும் அந்த ஆபத்து உண்டு: சதுர வெண்கலக் காசுக்கும் சரி, முக்கால் பங்கு செம்பும் கால் பங்கு நிக்கலும் கலந்த வெள்ளை நிறக் காசுக்கும் சரி.

அமிலம் தின்ற காசு லேசாக இருக்கும். எழுத்து மெலிந்து, பக்கங்கள் சரிந்து, அடியில் ஒரு கோடு மட்டும் பழைய எல்லையைக் காட்டிக்கொண்டு நிற்கும். உச்சி ஒரு எழுத்து, அடிக்கோடு இன்னொரு எழுத்து என்று கண் ஏமாறும். தராசு இருந்தால் எடை போடுங்கள். 1989 வரிசையின் இருபது காசு 5.66 கிராம், ஐம்பது காசு 9.33 கிராம். கணிசமாகக் குறைந்தால் உலோகம் போயிருக்கிறது. டபுள் டை காசின் எடையைக் குறைக்காது. டை எப்படி இருந்தாலும் அடிபடும் தகடு ஒன்றுதான்.

புளி போட்டுத் தேய்த்த காசு தனிக் கதை. நம் வீடுகளில் குத்துவிளக்கைத் தேய்க்கும் கையோடு பழைய காசையும் தேய்த்துவிடுவார்கள். வெற்றிடம் பளிச்சென்று ஆகும். எழுத்தின் அடியோரத்தில் கை போகாத இடத்தில் அழுக்கு அப்படியே தங்கும். எழுத்தைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம், போட்டோவில் பார்த்தால் அழகான இரண்டாவது எழுத்து. காசைச் சாய்த்துப் பாருங்கள். நிறத்தில் மட்டும் இருப்பது, உயரத்தில் இல்லாதது, டபுள் டை ஆகாது.

நீங்கள் தேய்க்க வேண்டாம். பிளாஸ்டிக் ஆல்பத்திலிருந்து ஒட்டும் பச்சைப் பசையோ எண்ணெயோ மறைத்தால், சுத்தமான அசிட்டோனில் ஊறவைத்து எடுக்கலாம். உலோகத்தைத் தொடாது, பசையை மட்டும் கரைக்கும். நெருப்புப் பக்கம் வேண்டாம், சன்னலைத் திறந்து வையுங்கள். நகச்சாயம் அழிக்கும் திரவத்தில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும், அது இதற்கு ஆகாது.

தேய்ந்த காசில் எழுத்துக்கு இரண்டு ஓரம்

"அண்ணே, இந்த சதுரக் காசுல மன்னர் தலைக்குப் பின்னாடி இன்னொரு கோடு இருக்கு பாருங்க" என்று ஒரு தம்பி கொண்டுவந்தால், முதலில் மூக்கு, காது, கிரீடத்தின் மணிகள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பார்ப்பேன். உச்சி தேய்ந்து தட்டையானால் ஒரு ஓரம் புதிதாக உண்டாகும். அடியில் பழைய ஓரம் இருக்கும். இரண்டு ஓரம் என்பதாலேயே இரண்டு உருவம் ஆகிவிடாது.

சிக்கல் என்னவென்றால் உண்மையான டபுள் டையும் தேயும். அப்போது உச்சியைப் பார்த்துப் பயனில்லை, அடியை அளக்க வேண்டும். இரண்டு உருவத்தின் அடியும் சேர்ந்து எழுத்து தடித்திருக்கும். எவ்வளவு தேய்ந்தாலும் அந்தத் தடிப்பு மறையாது. அதே அளவு தேய்ந்த சாதாரணக் காசு ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். அடி அகலம் ஒன்றாக இருந்தால் வெறும் தேய்மானம்.

காசுமாலையிலோ தாயத்துக் கயிற்றிலோ கிடந்த பழைய வெள்ளிக் காசு என்றால் இன்னும் கவனம். 1939-இல் வந்த மலாயா இருபது காசில் வெள்ளி 75 விழுக்காடு, 1943-இலும் 1945-இலும் 50 விழுக்காடு. மென்மையான உலோகம். தோலில் உரசி உரசி ஒரு பக்கம் மட்டும் வழவழப்பாகி இருக்கும், கொக்கி பற்றவைத்த இடத்தில் ஈயம் ஓடியிருக்கும். அங்கே எதையும் நம்பக் கூடாது.

எழுத்து உள்வாங்கி, திருப்பிப் போட்டபடி இருக்கிறது

இரண்டு காசை ஒன்றன்மேல் ஒன்று வைத்து யாரோ சுத்தியலால் அடித்திருக்கிறார்கள், இல்லை வைசில் வைத்து இறுக்கியிருக்கிறார்கள். டபுள் டையின் எழுத்து எப்போதும் மேடு, எப்போதும் நேராக வாசிக்க வரும். இதற்குமேல் இதில் ஒன்றுமில்லை.

உண்மையானதாக இருக்கலாம் என்று எப்போது சொல்லலாம்

எழுத்தின் கால்நுனியைப் பாருங்கள். N, M, K போன்ற எழுத்துகளில் கோடு முடியும் மூலையில் சின்னதாக ஒரு V வெட்டு விழுந்திருந்தால் நெஞ்சு கொஞ்சம் படபடக்கலாம். இரண்டு உருவத்தின் இரண்டு மூலைகளும் முழுதாக ஒன்றின்மேல் ஒன்று விழாததால் வரும் வெட்டு அது. தேய்மானமோ துருவோ அதை அத்தனை சுத்தமாக வெட்டாது. இரண்டு உருவமும் உருண்டையாக, ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்க வேண்டும்.

அப்புறம் விலகலுக்கு ஒரு கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள். ஹப் நடுவை மையமாக வைத்துத் திரும்பியிருந்தால் சுற்றெழுத்து எல்லாவற்றிலும் விலகல் ஒரே திசையில் சுற்றிப் போகும், நடுவில் உள்ள உருவத்தில் குறைவாக இருக்கும். விளிம்பில் ஓர் இடத்தை மையமாக வைத்துத் திரும்பியிருந்தால் அந்த இடத்தில் விலகலே இருக்காது, எதிர்ப்பக்கத்தில் அதிகமாக இருக்கும். B-இல் வலப்பக்கம், அடுத்த A-இல் இடப்பக்கம், N-இல் ஒன்றுமில்லை என்று கண்டபடி இருந்தால் டபுள் டை என்ற எண்ணத்தை விட்டுவிடலாம்.

ஆண்டையும் கணக்கில் எடுங்கள். 1990-களில் அமெரிக்க நாணயசாலை டையை ஒரே அழுத்தில் பதிக்கும் முறைக்கு மாறியது. அந்த முறையிலும் ஹப் சாய்ந்து உட்கார்ந்தால் இரட்டிப்பு வரும். ஆனால் அது சின்னதாக, பெரும்பாலும் காசின் நடுப்பகுதியில் இருக்கும். அப்படி அடித்த புதுக் காசில் விளிம்பு எழுத்து முழுக்கப் பளிச்சென்று இரண்டாகத் தெரிந்தால் மகிழ்ச்சியைவிடச் சந்தேகம்தான் முதலில் வர வேண்டும். 1955 அமெரிக்க சென்ட்டிலேயே போலிகள் உலாவுகின்றன.

கடைசிச் சான்று இரண்டாவது காசு. அதே ஆண்டு, அதே இடம், அதே அளவு. டையில் ஏதாவது கீறலோ வெடிப்போ இருந்தால் அதுவும் இரண்டு காசிலும் மேட்டுக் கோடாக அதே இடத்தில் நிற்கும். இது கிடைக்கும்வரை "இருக்கலாம்" என்று மட்டும் சொல்லுங்கள். ஒரே ஒரு காசை வைத்துக்கொண்டு உறுதியாகச் சொல்பவர் உங்களிடம் எதையோ விற்க வந்திருக்கிறார்.

போட்டோவில் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை

கைப்பேசி கேமரா எழுத்தின் ஓரத்தைக் கூர்மையாக்க ஒரு வெளிர்க்கோட்டைத் தானே சேர்த்துவிடும். அறையில் இரண்டு விளக்கு எரிந்தால் இரண்டு நிழல் விழும். ஒரே விளக்கை வைத்து ஒரு படம் எடுங்கள். விளக்கை அசைக்காமல் காசை மட்டும் கால் வட்டம் திருப்பி இன்னொன்று, மறுபடி திருப்பி இன்னொன்று. இரட்டைக் கோடு காசோடு சேர்ந்து திரும்பினால் அது காசில் இருக்கிறது. விளக்கின் பக்கமே நின்றுகொண்டால் அது நிழல். யாரிடமாவது கருத்துக் கேட்பதானால் இந்த மூன்று படத்தையும், பக்கத்தில் சாதாரணக் காசு வைத்து எடுத்த ஒரு படத்தையும், எடையையும் சேர்த்து அனுப்புங்கள். அந்த இரட்டை எழுத்தை மட்டும் பெரிதாக்கி அனுப்பினால் யாராலும் உருப்படியாக ஒன்றும் சொல்ல முடியாது.